மாமன் கயிறு பிடித்த கிடா

போன மாதம் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கிடா விருந்துக்குப் போயிருந்தேன். கூட்டம் என்றாலே எனக்குக் கூச்சம். பெண்கள் உட்கார்ந்திருந்த பந்தலின் ஓரத்தில், கம்பத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கோயில் முன்னால் கிடாயை நிறுத்தி மஞ்சள் தண்ணீரை மேலே ஊற்றினார்கள். அது சும்மா நின்றது. கயிறு பிடித்திருந்த ஆள் குனிந்து, சொம்பில் மிச்சம் இருந்ததை அதன் காதுக்குள் விட்டார். கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் படபடவென்று உதறியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லோர் கையிலும் செல்போன். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் ஒன்று, "சாமி ஒத்துக்கிச்சு பாருங்க பாட்டி" என்று படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டியது. நான் தலையை ஆட்டி வைத்தேன்.

சொல்ல ஒன்று இருந்தது. அந்தச் சத்தத்தில் வாய் வரவில்லை. பேசினால் நாலு பேர் திரும்பி முகத்தைப் பார்ப்பார்கள். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கிடா இப்படி உடம்பை உதறுவதை எங்கள் பக்கம் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துளுக்காத கிடாயை வெட்டக்கூடாது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கள் ஊர். கடலையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் விளைகிற மேட்டுக்காடு. எங்கள் காட்டு மூலையில் ஒரு முனியப்பன் உண்டு. அவருக்குக் கிடா கொடுப்பதில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பிள்ளைக்காக வேண்டுதலோ அந்தப் பிள்ளையின் தாய்மாமன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். கயிற்றையும் அவரே பிடித்திருக்க வேண்டும். கிடா உதறினால் அந்த உதறல் கயிறு வழியாகக் கைக்குத் தெரியும். 'துளுக்கிருச்சு' என்று மாமன் தன் வாயால் சொன்ன பிறகுதான் கத்தி வரும். அதற்கு முன்னால் பூசாரி நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

என் அம்மாவுக்கு ஒரே அண்ணன். சங்ககிரியில் ஒரு முதலாளியிடம் லாரி டிரைவராக இருந்தார். மனைவி தவறிப்போன பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லோடு இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில்தான் இருப்பார். மாமா கயிறு பிடித்தால் கிடா துளுக்காமல் நிற்காது என்று சுற்றுப்பட்டில் பெயர். கிடாயின் தாடையைச் சொறிந்து கொடுத்து, ஊர்க்கதை பேசுவது போல அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே உள்ளங்கையில் ஒளித்து வைத்த தண்ணீரைக் காதில் விட்டுவிடுவார். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் பூசாரிக்கு வானத்தில் ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும். சொந்தக்காரர்கள், பழகியவர்கள் எல்லாம் 'மாமனுக்குத் துணையாக' என்று சொல்லி எங்கள் மாமாவைக் கூட்டிப் போவார்கள். பீடி, சாராயம், கறிச்சோறு, வாய் நிறைய பொய். அதுதான் மாமா. எனக்கு அவரைக் கொள்ளை ஆசை.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது விஷக்காய்ச்சல் வந்து கிடந்தேன். பிழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளை எழுந்து நடந்தால் கிடா தருகிறேன் என்று அம்மா முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் எழுந்து நடந்தேன். உடனே ஒரு குட்டி வாங்கி வந்து என் பெயருக்கு விட்டார்கள். கறுப்புக் குட்டி, காது மட்டும் வெள்ளை. மேய்ப்பது என் வேலை. கிணற்று வாய்க்காலில் அதை அடிக்கடி குளிப்பாட்டியும் விடுவேன். சாமிக்கு விட்ட கிடாயைக் குளிப்பாட்டக்கூடாது, தண்ணீர் பழகிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

குட்டி கிடாயாக வளர்ந்துகொண்டிருந்த அந்த வருடத்தில்தான் மாமா நாக்பூர் போனார். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையிலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனவர், லோடு இறக்கித் திரும்புகிற வழியில் வண்டியின் பின் அச்சுப் பல்சக்கரமான கிரவுன் உடைந்து அங்கேயே நின்றுவிட்டார். மாற்றுச் சாமான் வந்து சேருகிற வரைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில், மில்லில் வேலை செய்கிறவர்கள் குடியிருந்த ஒரு சந்தில் தங்க வேண்டியதாயிற்று. அந்தச் சந்து சனம் எல்லோரும் சில வருடம் முன்பு ஒன்றாகப் புத்தர் வழிக்குப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணி உடுத்தி ஒரு கூடத்தில் உட்கார்ந்து ஐந்து வாக்கைச் சேர்ந்து சொல்வார்களாம். முதல் வாரம் மாமா வெளியில் நின்று பீடி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாராம். அடுத்த வாரம் பீடியை அணைத்துவிட்டுப் பார்த்தாராம். அதற்கடுத்த வாரம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்கு வந்து அவர் இதைச் சொன்னது ஒரு சாப்பாட்டு நேரத்தில். அம்மா கோழிக் குழம்போடு வந்தபோது தட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"எதுங்க மச்சான் அந்த அஞ்சு?" என்றார் அப்பா.

மாமா இடது கையை விரித்தார். கட்டை விரலைத் தொட்டு, "எந்த உசுரையும் கொல்றதில்லை" என்றார். ஆள்காட்டி விரலைத் தொட்டு, "குடுக்காததை எடுக்கறதில்லை." நடுவிரலுக்கு வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை மட்டும் மடக்கிக்கொண்டார். மோதிர விரல், "பொய் சொல்றதில்லை." சுண்டு விரல், "குடிக்கறதில்லை."

"நடு வெரலு என்னுங் மாமா?" என்றேன்.

"அது பெரியவங்களுக்கு, சாமி."

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அஞ்சுல நாலு நீங்க தெனமும் பண்றதாச்சேங்க மச்சான்!"

"அஞ்சும்தானுங்க மாப்ள" என்றார் மாமா நிதானமாக. அம்மா அப்பாவை முறைத்தாள்.

அப்பா விடுகிற ஆள் இல்லை. லாரிச் சக்கரத்தில் எறும்பும் ஓணானும் சாகிறதே, அதற்கு எந்த விரலை மடக்குவீர்கள் என்று கேட்டார். மாமா கோபப்படவில்லை. தெரிந்து, மனசில் நினைத்துச் செய்வதுதான் வினை என்று அந்தப் புத்தர் சொல்லியிருக்கிறாராம். கை செய்வதற்கு முன்னால் நினைப்பு செய்துவிடுகிறதாம். அதனால் நினைப்பைத்தான் பிடிக்க வேண்டுமாம்.

அம்மாவின் கவலை வேறு. "இது எந்தச் சாமிங்ணா? தவறிட்டா என்ன பண்ணும்?"

"சாமி இல்லை அம்மிணி. யாரும் ஒன்னும் பண்ண மாட்டாங்க. நானே எனக்குச் சொல்லிக்கிட்டது. தவறிட்டா, எந்திரிச்சு மறுபடியும் சொல்லிக்கறது."

தண்டிக்கிற சாமியே இல்லாத ஒரு நேர்ச்சையை அம்மா அதுவரை கேள்விப்பட்டதில்லை. அண்ணனுக்கு வடக்கே யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றே முடிவு செய்தாள். மறுநாள் பூசாரியிடம் திருநீறு மந்திரித்து வந்து பூசினாள். மாமா நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"செரி, இதுல உங்களுக்கு என்னுங்க கெடைக்குது?" என்று இன்னொரு நாள் அப்பா கேட்டார்.

மாமா லாரிப் பேச்சுக்குத் தாவினார். "பாடி கட்டற பட்டறையைப் பாத்திருக்கீங்கல்ல மாப்ள? மரம் எவ்வளவு நல்ல மரமா இருக்கட்டும், ஆசாரி எவ்வளவு கெட்டிக்காரனா இருக்கட்டும். அடியில இருக்கற சேசிஸ் கோணலா இருந்தா, மேல என்ன கட்டினாலும் வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுத்தான் போகும். கண்ணை மூடி உக்கார்றது, ஞானம் அது இதுங்கறது எல்லாம் மேல கட்டற பாடிங்க. இந்த அஞ்சுதான் சேசிஸு."

பிறகு அந்தக் கூடத்தில் கேட்டதை வரிசை மாறாமல் சொன்னார். நடத்தை நேராக இருந்தால் செய்ததை நினைத்து உறுத்தாது. உறுத்தல் இல்லாவிட்டால் மனசு லேசாகும். லேசான மனசு ஒரு இடத்தில் நிற்கும். நின்ற மனசுக்கு உள்ளது உள்ளபடி தெரியும்.

"இதுல நீங்க எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" அப்பா கேலியாகத்தான் கேட்டார்.

"தூக்கம் வருதுங்க" என்றார் மாமா.

மாமாவின் தூக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் படுத்த கொஞ்ச நேரத்தில் உளற ஆரம்பித்துவிடுவார். 'நான் இல்லீங்க, நான் இல்லீங்க' என்று யாரிடமோ கையெடுத்துக் கும்பிடுவார். அம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொடுப்பாள். எந்த ஊரில் யாரிடம் என்ன செய்துவிட்டு வந்தாரோ, யாரும் கேட்டதில்லை. நாக்பூரிலிருந்து வந்த பிறகு அந்த உளறல் நின்றுபோனது. பகலில் வேப்பமரத்தடியில் படுத்தாலும் குழந்தை மாதிரித் தூங்குவார். அம்மா வேலையை விட்டுவிட்டு நின்று அதைப் பார்த்திருப்பாள். மருந்து வைத்ததாகச் சொல்வதை அவள் தானாகவே நிறுத்திக்கொண்டாள்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழியைப் பிடித்துத் தரச் சொன்னதற்கு மாமா மாட்டேன் என்றுவிட்டார். நான் கொல்லுவதில்லை என்று சொன்னால், என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று அத்தனை உயிருக்கும் வாக்குக் கொடுத்த மாதிரி என்றார். அது பெரிய தானமாம். அம்மா, "கோழிக்கு அது தெரியுமாக்கும்" என்றாள். கோழிக்குத் தெரிந்ததோ இல்லையோ, என் கிடாய்க்குத் தெரிந்தாற்போல்தான் இருந்தது. வேறு யார் வந்தாலும் கொம்பைத் தாழ்த்துகிற அது, மாமா உட்கார்ந்தால் அவர் தொடைமேல் தாடையை வைத்துக்கொண்டு அசை போடும். வெல்லம் வாங்கி வந்து ஒளித்துக் கொடுக்கிறார் என்று நான் சந்தேகப்பட்டேன்.

நேர்ச்சை செலுத்துகிற நாள் நெருங்கியது.

"பொங்கல் வெச்சாப் போதாதா அம்மிணி?" என்று மாமா ஒரே தடவை கேட்டார்.

"நேந்தது கெடாய்ங்ணா. சாமிகிட்டப் பேச்சு மாத்தலாமா? நாளைக்கு இவளுக்கு மறுபடியும் காய்ச்சல் கண்டா நான் எங்கே போயி நிப்பேன்?" அம்மாவின் கண் அதற்குள் நிறைந்துவிட்டது. "நீங்க கயிறு புடிக்க வரலைன்னா எம் புள்ளைக்கு மாமன் இல்லைன்னு ஊரே சொல்லும்."

மாமா மறுபடியும் கேட்கவில்லை. யாரையும் திருத்துகிற குணம் அவரிடம் இருந்ததில்லை. "தண்ணி ஊத்தறேன். உள்ளதைச் சொல்றேன். அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காதே" என்றார்.

அம்மாவுக்கு நிம்மதி. அந்த வார்த்தையின் எடை அவளுக்கு அப்போது தெரியவில்லை. எனக்கும் நிம்மதிதான், வேறு காரணத்துக்காக. கொல்ல மாட்டேன் என்று விரல் தொட்டுச் சொன்ன மாமா கையில் கயிறு. அவர் சொல்லாமல் கத்தி வராது. என் கிடாய்க்கு இனி பயமே இல்லை. காதில் ஊற்றாமல் விட்டால் போதும், அந்த வித்தை தெரிந்த மாமாவுக்கு அதைச் செய்யாமல் விடுவது என்ன பெரிய காரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தத் தெம்பில் கிடாயின் கழுத்துக்கு மாலையை நானே போட்டேன்.

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. முனியப்பனுக்கு முன்னால் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அந்தப் பக்கம் அண்டாவில் உலை கொதிக்கிறது, மசால் அரைத்து வைத்தாகிவிட்டது. வந்த சனம் எல்லாம் வெறும் வயிறு. கத்தி பிடிக்கிற பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். மாமா கிடாயை நடுவில் நிறுத்தி, சொம்பை இரண்டு கையாலும் தூக்கி, நெற்றியிலிருந்து முதுகெலும்பு நெடுகிலும் வால் வரைக்கும் ஊற்றினார்.

கிடா திரும்பி என்னைப் பார்த்தது. குளிப்பாட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. சுகமாக நின்றது.

மறுபடியும் ஊற்றினார். அதுவும் அப்படியே. குடத்துத் தண்ணீர் தீர்ந்து, வேறு குடம் வந்தது. கிடாயின் காலடியில் சேறாகிவிட்டது. பூசாரி வழக்கம் போல வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப் பார்வையைக் கீழே இறக்கினார்.

"என்னுங்க, கை மறந்து போச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மறக்கலீங்க" என்றார் மாமா.

கூட்டத்தில் ஒரு பாட்டி, "கெடாயும் அந்தப் புத்தருகிட்டச் சேந்துக்கிச்சாட்ட இருக்குது" என்றாள். பசியோடு இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். சிரிக்காதது அம்மா மட்டும்தான். கிடா துளுக்காத ஒவ்வொரு நிமிடமும் முனியப்பன் என்னை வேண்டாம் என்று தள்ளுவதாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு மாமா பக்கத்தில் போனாள்.

"அண்ணா, காதுல ஒரு சொட்டு. எனக்காகங்ணா."

"அது யாரை ஏமாத்தறது அம்மிணி?"

"எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

மாமா என்னைப் பார்த்தார். அவர் முகம் சின்னதாகிப் போயிருந்தது. சொம்பைப் பிடித்திருந்த கை ஒரு தடவை உயர்ந்தது, கிடாயின் காதுவரை போனது. பிறகு அந்தக் கை இறங்கிவிட்டது.

அப்பா வந்தார். "மச்சான், உங்க புத்தரென்ன இங்கே வந்து பாத்துக்கிட்டா இருக்காரு?"

"யாருமே பாக்கறதில்லீங்க மாப்ள. சங்கடமே அதுதான்."

அப்போது ஒரு ஈ வந்து கிடாயின் விலாவில் உட்கார்ந்தது. தோல் அந்த இடத்தில் மட்டும் சுளுக்கென்று துடித்தது. பூசாரி கையைத் தூக்கிவிட்டார். "அதா, சிலுத்துருச்சு! சொல்லீருங்க, சொல்லீருங்க!" கூட்டமும் சொல்லீருங்க என்றது. பெரியப்பா கத்தியை எடுத்தே விட்டார். ஒரு வார்த்தை. அம்மாவுக்கு உயிர் வந்துவிடும், ஊருக்குச் சோறு வந்துவிடும்.

"அது ஈக்குங்க" என்றார் மாமா.

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு அண்ணனே இல்லை" என்று சொல்லி அழுதாள். பெண்கள் அவளைத் தூக்கி மரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். அப்பாவும் பூசாரியும் அடுத்து என்ன செய்வது என்று தள்ளிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கத்தியைக் கல்மேல் வைத்துவிட்டுப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு போனார். கூட்டம் கலைந்து நிழல் தேடியது. சேற்றின் நடுவில் மாமாவும் கிடாயும் நானும் மட்டும் நின்றோம். மாமா கிடாயின் நெற்றியில் கையை வைத்தார். "வா" என்று அதை நிழல் பக்கம் நகர்த்தினார். நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். ஜெயித்துவிட்டோம்.

கிடா நாலு அடி எடுத்து வைத்தது. நின்றது. தலையைத் தாழ்த்தியது. காதிலிருந்து வால் நுனி வரைக்கும், மாலையின் பூ சிதற, படபடவென்று ஒரு உதறு உதறியது.

மஞ்சள் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. மாமா முகத்திலும்தான். கயிறு அவர் கையில் ஆடியதைப் பார்த்தேன். சுற்றிலும் பார்த்தேன். ஒரு முகமும் எங்கள் பக்கம் இல்லை.

நான் மாமாவைப் பார்த்துச் சிரித்தேன். கண் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பழைய மாமா கட்டாயம் அடித்திருப்பார். சொல்லாதீங்க என்று தலையை ஆட்டினேன். அவர் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். பிறகு மரத்தடிப் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி" என்று கூப்பிட்டார். யாரும் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "துளுக்கிருச்சு."

எல்லோரும் திரும்பினார்கள். பூசாரி ஓடி வந்து, "நெசமாவுங்களா? யாரு பாத்தது?" என்றார்.

"நாம் பாத்தனுங்க."

இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. கொஞ்சம் முன்னால்தான் அத்தனை பேரும் கெஞ்சி, அம்மா காலைப் பிடிக்காத குறையாக அழுது, அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. இப்போது யாரும் கேட்காமல் அவரே சொன்னார், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மா எழுந்து வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். என் கன்னத்தில் இருந்த மஞ்சள் சொட்டுகளைப் பார்த்தாள். முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, முனியப்பனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மாமா கயிற்றை அப்பா கையில் கொடுத்தார். திரும்பிப் பார்க்காமல் கிணற்று மேட்டுக்குப் போய் உட்கார்ந்தார். பின்னால் நடந்ததை நான் எழுதவில்லை. எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அப்பா ஒரு தட்டில் ரசம் சோறு போட்டுக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனார். மாமாவை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நானும் பின்னாலேயே போனேன்.

"பேசாம இருந்திருக்கலாமுல்லீங்க மச்சான்" என்றார் அப்பா. கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். "யாருக்குத் தெரியப் போகுது? கெடாயும் பொழச்சிருக்கும்."

"எம் வாயைப் பாத்துத்தான நீங்க அத்தனை பேரும் நின்னீங்க. பேசாம இருந்தாலும் அது பொய்தானுங்க மாப்ள."

அப்பா தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். மாமா தொடவில்லை.

"வெட்டுங்கன்னு நாஞ் சொல்லலீங்க. துளுக்குச்சுன்னுதான் சொன்னேன். அது ரெண்டும் ஒன்னா, வேற வேறயா? எனக்கே தெரியலை. கயித்தை நான் தொட்டிருக்கவே கூடாதோ என்னமோ."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மாமாவின் முகத்திலிருந்த மஞ்சளைத் துடைத்துவிட்டு எழுந்து போனார். மச்சானைத் தொட்டு அப்பா அப்படிச் செய்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கிடா வெட்டு நடக்கவில்லை. அடுத்து, எனக்குப் பின் பிறந்த தம்பிக்கு அம்மை போட்டு அவன் கிடந்தபோதும் அம்மா பொங்கல்தான் வேண்டிக்கொண்டாள். ஊரில் அவளைக் கஞ்சம் என்றார்கள். பூசாரிக்கு வருத்தம். கறிச்சோறு போச்சே என்று எனக்கும்தான் வருத்தம். மாமா யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர் பாட்டுக்கு லாரி ஓட்டினார், விரல்களைத் தொட்டுச் சொல்லிக்கொண்டார், தூங்கினார். செக்போஸ்டில் அவர் வண்டியின் தார்ப்பாயை அவிழ்த்துப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள் என்று அவர் முதலாளி பெருமையாகச் சொல்வாராம். அதே ஆள்தான் முன்பு, பொய் சொல்லத் தெரியாதவனுக்கு எதற்கு டிரைவர் வேலை என்று திட்டியவர்.

அம்மா கண் பார்வை மங்கி என்னோடு இருந்த காலத்தில் ஒரு நாள் கேட்டேன், ஏன் கிடாயை நிறுத்தினாய் என்று. "அந்த ஒரு சொல்லை எங்கண்ணன் வாயிலிருந்து இன்னொருக்கா வாங்க எனக்குத் தெம்பில்லை சாமி" என்றாள். அவர் புத்தர் வழியில் அவள் ஒரு விரலைக்கூடத் தொட்டதில்லை. முனியப்பனைக் கும்பிட்டபடியேதான் போய்ச் சேர்ந்தாள்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்குக் கிணற்று மேட்டில் அப்பா போன பிறகு மாமாவுக்கு முன்னால் போய் நின்ற எனக்கு ஒன்றும் தெரியாது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டீர்களே என்று கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை. அப்போதே எனக்கு வாய் வராது.

மாமா தன் இடது கையை மடியில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொல்வதில்லை என்று தொட்ட கட்டை விரலும் பொய் சொல்வதில்லை என்று தொட்ட மோதிர விரலும் ஒன்றோடு ஒன்று அழுந்தியிருந்தன. ஒன்றை ஒன்று தள்ளுவது போல, நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தார்.

கிடா உதறியதில் கயிறு கையை அறுத்துவிட்டது, வலிக்கிறது என்று நினைத்தேன். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. வீட்டுக்கு ஓடி, தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தேன். அவர் கையைப் பிரித்து, கயிறு அறுத்த தடத்தை உள்ளங்கையெல்லாம் தேடினேன். எங்கேயும் இல்லை. பரவாயில்லை என்று, எல்லா விரலுக்கும் தடவி விட்டேன்.